வாளியில் இரண்டு, கதவில் மூன்று

லோனியின் மூக்கு செத்துப்போய் இரண்டு வருடம் ஆகிறது என்பது லோனிக்கு மட்டும்தான் தெரியும். அப்படித்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

முழுப்பெயர் அப்போலோனியா ஃபேரென்பாக். வயது அறுபத்தொன்று. கறுப்புக் காட்டில், பேருந்து இதற்குமேல் முடியாது என்று திரும்பிப் போகிற இடத்திலிருந்து இன்னும் நான்கு கிலோமீட்டர் ஏறினால் வருகிற ஏழுமர விடுதியில் பிறந்தவள். பிறந்தது நரி அறையில். அந்த விடுதியில் அறைகளுக்கு எண் கிடையாது. நரி, மான், ஆந்தை, கீரி என்று காட்டில் திரிகிற ஆட்களின் பெயர்தான். லோனி பிறந்த வாரம் மற்ற எல்லா அறைக்கும் விருந்தாளிகள் முன்பே சொல்லி வைத்திருந்தார்கள், நரி மட்டும்தான் காலி. அவள் அம்மா அதில் போய்ப் பெற்றுக்கொண்டு, மூன்றாம் நாள் விரிப்பை மாற்றி அறையைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

ஏழுமர விடுதியின் வாசலில் இப்போது நிற்பது ஐந்து ஊசிமரம். மற்ற இரண்டையும் தொண்ணூற்றொன்பதாம் வருடப் புயல் கொண்டுபோய்விட்டது. பெயரை மாற்றச் சொல்லி யாராவது கிண்டல் செய்தால், "கன்னு வச்சிருக்கோம், முட்டி உயரம் வந்திருக்கு. குனிஞ்சு எண்ணிப் பாருங்க" என்பாள் லோனி.

கொள்ளுத்தாத்தா கட்டிய வீடு. எட்டு அறை. தம்பி லம்பெர்ட் சமைப்பான், மற்றதெல்லாம் லோனி. கல்யாணம் செய்துகொள்ள அவளுக்கு நேரம் வாய்க்கவில்லை. லம்பெர்ட் செய்துகொண்டான், அவன் மனைவி ஆறு வருடத்துக்கு முன்னால் இறந்துபோனாள். அதற்குப் பிறகு அக்காவும் தம்பியும் ஒரே வீட்டில், ஒரு நாளைக்கு மொத்தம் ஐம்பது சொல் பேசி வாழ்ந்தார்கள். அதில் முப்பது உருளைக்கிழங்கைப் பற்றியது.

விருந்தாளிகள் அங்கே வருவதே அந்த அமைதிக்காகத்தான். தொலைக்காட்சி கிடையாது. கைப்பேசி எடுக்காது. மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை தண்ணீர்க் குழாய்கூடத் தணிந்துதான் பேசும். சத்தம் போட்டால் யாரும் திட்டமாட்டார்கள், திரும்பிப் பார்ப்பார்கள். திட்டு வாங்குவது எவ்வளவோ மேல்.

இலையுதிர்காலத்தில் இன்னொன்றும் உண்டு: ஞாயிற்றுச் சட்டி. காலையில் விருந்தாளிகள் கூடையோடு காட்டுக்குள் போய்க் காளான் பொறுக்கி வருவார்கள். சமையலறைக் கதவுக்கு வெளியே ஒரு நீள பெஞ்சு. அதில் கூடைகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் அறைச் சாவியின் மரவில்லையைத் தொங்கவிடுவார்கள். லோனி உட்கார்ந்து ஒவ்வொரு காளானாக எடுத்து, தண்டைக் கீறி, தொப்பிக்கு அடியிலுள்ள மடிப்பைப் பார்த்து, மோந்து, தேர்வு செய்வாள். தேறியதெல்லாம் ஒரே சட்டியில், பாலேட்டோடு. எல்லோருக்கும் அதே சாப்பாடு, ரொட்டி உருண்டையோடு. சாப்பிடும்போது ஒவ்வொருவரும் தன் காளானைத் தன் தட்டில் அடையாளம் கண்டுபிடித்துவிடுவார்கள். நூறு கிராம் பொறுக்கியவர்களும் கண்டுபிடிப்பார்கள்.

லோனியின் மூக்கு பள்ளத்தாக்கு முழுக்கப் பேர் போனது. மாவட்டக் காளான் சங்கம் அவளுக்கு ஆலோசகர் என்று அட்டையே கொடுத்திருந்தது. அது வரவேற்பு மேசைக்குப் பின்னால் சட்டம் போட்டுத் தொங்கியது. கடைசியில் அவள் செய்கிற ஒன்று எல்லோருக்கும் பிடிக்கும். தேறிய கூடை நிறைந்ததும், தலைத்துணியை அவிழ்த்துவிட்டு, கூடைக்குள் முகத்தை இறக்கி, கண்ணை மூடி, நீளமாக ஒரு மூச்சு இழுப்பாள். நூறு நல்லதுக்கு நடுவே ஒரு கெட்டது இருந்தாலும் அந்த மூச்சில் வந்து இடறும். முப்பது வருடத்தில் அப்படி நாலு தடவை இடறியிருக்கிறது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சல் வந்தது. ஒரு வாரத்தில் காய்ச்சல் போனது. போகும்போது மூக்கையும் எடுத்துக்கொண்டு போனது. காப்பி வெந்நீரானது. சோப்பு கல்லானது. திரும்பி வரும் என்று மாதக்கணக்கில் காத்திருந்தாள். அதற்குள் காளான் பருவம் வந்துவிட்டது. பெஞ்சில் கூடைகள் வந்து உட்கார்ந்துவிட்டன. கண் இருக்கிறது, விரல் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். கூடைக்குள் முகத்தை இறக்கி, கண்ணை மூடி, மனசுக்குள் ஐந்து வரை எண்ணிவிட்டு நிமிர்ந்தாள். எல்லோரும் கை தட்டினார்கள்.

கொல்லக்கூடியது என்றால் அதற்குத் தனி முறை இருந்தது, கொள்ளுத்தாத்தா காலத்திலிருந்து. பெஞ்சுக்கு அருகில் மூடி போட்ட சிவப்பு வாளி. ஒரு விஷக்காளான் கண்ணில் பட்டால் முதலில் கதவுநிலையில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு. பிறகு காளான் வாளிக்குள். மதியச் சாப்பாடு முடிந்து காப்பி வருவதற்குள், வாளியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பச்சை ஓடு பதித்த பெரிய கணப்பில் போட்டு எரிக்க வேண்டும். ஒன்று நெருப்புக்குள் போனால் ஒரு கோட்டை அழிக்கலாம். கோடு தீரும்போது வாளியும் தீர வேண்டும். என்றைக்கோ ஒரு வேலையாள் வாளியிலிருந்து ஒன்றை எடுத்துத் தின்றுவிட்டானாம். அதற்குப் பின் வந்த முறை. நூற்றுச் சொச்சம் வருடம் கணக்கு ஒத்துப்போய்க்கொண்டே இருந்தது.

செப்டம்பர் கடைசி ஞாயிறு. மணி பன்னிரண்டே முக்கால். லோனி வாளியைத் திறந்து ஒன்றை எடுத்தாள், கணப்புக்குள் போட்டாள், வந்து ஒரு கோட்டை அழித்தாள். இரண்டாவதை எடுத்தாள், போட்டாள், வந்து அழித்தாள். மூன்றாவதை எடுக்கக் கையை விட்டாள்.

வாளி காலி.

கதவில் ஒரு கோடு நின்றது.

அவள் வாளியைக் கவிழ்த்தாள். மூடியைத் திருப்பிப் பார்த்தாள். பெஞ்சுக்கு அடியில் முட்டி போட்டுத் தேடினாள். ஏப்ரன் பையை உள்ளே வெளியே இழுத்தாள். ஒரு சாக்குக்கட்டி, ஒரு கைக்குட்டை, இரண்டு துணிக் கிளிப்பு.

காலை நடந்ததை நினைவில் பின்னுக்கு ஓட்டினாள். கீரி அறைக் கூடை. புதிதாக வந்த குடும்பம், போஹும் நகரத்திலிருந்து. சில்கே என்று ஓர் அம்மா, அதிகம் பேசாத ஓர் அப்பா, ஃபென்யா என்று ஆறு வயதுப் பெண். அந்தப் பெண்தான் பொறுக்கியிருந்தாள்: பச்சைத் தொப்பி, வெள்ளை மடிப்பு, தண்டில் பாவாடை, அடியில் முட்டை ஓடு மாதிரி ஓர் உறை. சந்தேகமே கிடையாது, ஒன்றே ஒன்று ஒரு பெரிய ஆளுக்குப் போதும். மூன்று இருந்தன. மூன்று கோடு போட்டாள். ஒன்றை வாளியில் போட்டாள். இரண்டாவதையும் போட்டாள். மூன்றாவதைக் கையில் வைத்து, வழக்கம்போல மூக்குக்குக் கொண்டுபோய் நாடகம் ஆடினாள். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஃபென்யா சொன்னாள்:

"நீங்க மோக்கல."

"என்னடி கண்ணு?"

"மோந்தா நெஞ்சு மேல வரும். எங்க நாய்க்கு வரும். உங்களுக்கு வரல. நீங்க சும்மா வச்சுக்கிட்டு இருக்கீங்க."

பெஞ்சில் இருந்த பெரியவர்கள் சிரித்தார்கள். லோனியும் சிரித்தாள். காது இரண்டும் சுட்டது. "எனக்கு நாய் மாதிரி பெரிய மூச்சு வேண்டாம், சின்னதே போதும்" என்று ஏதோ சொல்லிச் சமாளித்தாள். அந்த நேரத்தில் கை என்ன செய்தது?

அதுதான் நினைவில் இல்லை. கை எங்கோ எதையோ வைத்தது. இடது பக்கம் வாளி. வலது பக்கம் தேறிய கூடை.

சமையலறைக்குள் போனாள். லம்பெர்ட் இல்லை. பன்னிரண்டரைக்கே புதிய விருந்தாளிகளை அழைத்துவர வேனை எடுத்துக்கொண்டு ரயில் நிலையத்துக்குப் போய்விட்டான். போக இருபத்தைந்து நிமிடம், வர இருபத்தைந்து. வழியெல்லாம் மரம், கைப்பேசி எடுக்காது. அடுப்பு மேல் பெரிய சட்டி. யாரோ ரொட்டியால் வழித்துத் துடைத்த சட்டி. கழுவினதுபோல் இருந்தது.

அந்த யாரோ லோனிதான்.

கூடத்திலிருந்து கரண்டி தட்டில் படுகிற சத்தம் மட்டும் வந்தது. நல்ல அமைதி. வயிறு நிறைந்த அமைதி. அதைக் கேட்டுத்தான் அவள் இத்தனை வருடமும் திருப்திப்பட்டுக்கொண்டிருந்தாள்.

பரிமாற வந்திருந்த கிராமத்துக்காரி கெர்லிண்டே காலித் தட்டுகளோடு உள்ளே வந்தாள்.

"கெர்லிண்டே, நீ சாப்பிட்டியா?"

"பின்ன? வாசனை புடிச்சுட்டே வேலை செய்ய நான் என்ன சாமியாரா? ரெண்டு உருண்டை. கொழம்பு கொஞ்சம் கூடவே விட்டுக்கிட்டேன். ஏன், உங்களுக்கு இல்லையா?"

"அந்தக் குழந்தை?"

"கீரி அறைப் பொண்ணா? ரெண்டு தடவை வாங்குச்சு. தட்டை நக்கிக்கிட்டு இருக்கு, அம்மா திட்டுறா."

லோனி மறுபடியும் கதவுநிலைக்கு வந்து நின்றாள்.

அந்தக் காளானைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு ஒன்று தெரியும். தின்றதும் ஒன்றும் ஆகாது. ஆறு மணி நேரம், பத்து மணி நேரம் ஆள் சிரித்துக்கொண்டே இருப்பான். ருசியாக இருந்தது என்றுகூடச் சொல்வான். வயிறு பிடுங்க ஆரம்பிக்கும்போது ஈரல் பாதி போயிருக்கும். முன்கூட்டியே மருத்துவமனைக்குப் போனவர்கள் பிழைத்திருக்கிறார்கள். போகாதவர்களுக்காகத்தான் அந்தச் சிவப்பு வாளி.

ஆனால் அது சட்டிக்குள் போனதா என்பதே தெரியாதே. வெட்டும்போது லம்பெர்ட் பார்த்து எறிந்திருக்கலாம். பெஞ்சிலிருந்து உருண்டு பூனை தூக்கிப் போயிருக்கலாம். அவன் வரும் வரை காத்திருந்தால் நாற்பது நிமிடம். கேட்டுவிட்டுச் சொல்லலாம். இப்போதே கூடத்துக்குள் போய்ச் சொன்னால் ஏழுமர விடுதி அத்தோடு முடிந்தது. காட்டுக்குள் விஷம் வைத்த வீடு என்று ஆகிவிடும். எட்டு அறையில் ஒன்றுக்கும் ஆள் வராது. அதோடு அவள் மூக்கும் வெளியே வரும்.

இன்னொரு வழியும் இருந்தது. கோடு ஒன்றுதான். சாக்குக்கோடு. கட்டைவிரல் ஒருமுறை குறுக்கே போனால் போதும். கதவும் காலி, வாளியும் காலி, கணக்கு சரி. யார் கேட்டாலும் இரண்டுதான் இருந்தது.

அவள் கட்டைவிரல் உயர்ந்தது. கோட்டின் மேல் நுனிவரை போயிற்று. விரலில் வெள்ளைத்தூள் ஒட்டியது.

கூடத்திலிருந்து ஒரு சின்னச் சிரிப்பு வந்தது. குழந்தைச் சிரிப்பு. உடனே அம்மாவின் "உஸ்ஸ்."

லோனி கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு வரவேற்பு மேசைக்குப் போய், பழைய தொலைபேசியை எடுத்து, சுவரில் ஒட்டியிருந்த விஷ உதவி எண்ணைச் சுழற்றினாள். அந்தத் தாளை ஒட்டியவளும் அவளே. ஓர் இளம் ஆண்குரல் எடுத்தது. அவசரமே படாத குரல்.

"எத்தனை பேர் சாப்பிட்டிருக்காங்க?"

"விருந்தாளிங்க பன்னிரண்டு. பரிமாற வந்தவ ஒருத்தி. பதிமூணு."

"எப்போ?"

"பன்னிரண்டுலேருந்து. ஒருத்தி குழந்தை. ஆறு வயசு. இருபது கிலோ இருக்கும். ரெண்டு தடவை வாங்கியிருக்கா."

"காளானைப் பார்த்தது யாரு?"

"நான்தான். நான் ஆலோசகர்."

"நீங்க சாப்பிட்டீங்களா?"

லோனிக்கு அப்போதுதான் சட்டியும் ரொட்டியும் நினைவுக்கு வந்தது. "ஆமா. பதினாலு."

"சரி. வண்டி அனுப்பறோம். மேல வர எப்படியும் அரை மணிக்கு மேல ஆகும். யாரையும் காரை எடுத்துக்கிட்டுக் கிளம்ப விடாதீங்க, எல்லாரும் ஒரே இடத்துல இருக்கட்டும். மிச்சம் மீதி இருந்தா எதையும் கழுவாதீங்க. இப்பவே சொல்லிடுங்க. சொல்லுவீங்கதானே?"

"சொல்றேன்" என்றாள் லோனி.

மேசையிலிருந்து கூடத்துக்குப் பதினொரு அடி. தரைப்பலகை ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக முனகும். எது எப்படி முனகும் என்று அவளுக்கு மனப்பாடம். விருந்தாளிகள் விழிக்காமலிருக்க ஓரமாகவே நடந்து பழகியவள். இன்றைக்கு நடுவாக நடந்தாள். எல்லாப் பலகையும் கத்தின. பன்னிரண்டு தலை திரும்பியது.

சன்னலோரம் மோர்லே தம்பதி. ஸ்டுட்கார்ட்டில் மருந்துக்கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தொரு வருடமாக அதே வாரம், அதே ஆந்தை அறை. அவர் முள்கரண்டியில் கடைசித் துண்டைக் குத்தி மனைவி ஹில்ட்ரூட்டுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

"இது என்னோடது. ஓடைப் பக்கம் எடுத்தது. கழுத்துல மடிப்பு பாரு."

"ஐயா, அதைக் கீழ வைங்க" என்றாள் லோனி.

"என்ன லோனி, பங்கு கேக்கறியா?"

"கீழ வைங்க. எல்லாரும் கேளுங்க. நான் சொல்றதைக் கேட்டுட்டு யாரும் எழுந்து ஓடாதீங்க." அவள் குரல் அந்தக் கூடத்தில் அதுவரை யாரும் கேட்டிராத உயரத்தில் இருந்தது. "காலையில கீரி அறைக் கூடையில மூணு பச்சைத் தொப்பி இருந்துச்சு. ரெண்டுதான் வாளியில இருந்துச்சு. மூணாவது சட்டிக்குப் போயிருக்கலாம். போகாமலும் இருக்கலாம். எனக்குத் தெரியல. வைத்தியர் வண்டி வருது."

யாரும் கத்தவில்லை. அதுதான் தாங்கமுடியாததாக இருந்தது. சில்கே மட்டும் மகளின் தோளைப் பிடித்தாள்.

"நீங்க மோந்து பார்த்தீங்களே" என்றாள். "எல்லாருக்கும் முன்னாடி. கூடைக்குள்ள மூஞ்சியை வச்சு."

பொய் சொல்ல இன்னும் இடம் இருந்தது. லோனி அதை எடுத்துக்கொள்ளவில்லை.

"எனக்கு வாசனை வர்றதில்லைம்மா. ரெண்டு வருஷமா."

மோர்லே முள்கரண்டியைத் தட்டில் வைத்தார். அது ஒரு சின்னச் சத்தம்தான். "ரெண்டு வருஷம்" என்றார். "ரெண்டு வருஷமா நாங்க கை தட்டிக்கிட்டு இருந்திருக்கோம்."

"நான் சொன்னேன்ல" என்றாள் ஃபென்யா அம்மாவிடம். "நெஞ்சு அசையலன்னு."

"வாயை மூடு" என்றாள் சில்கே. பிறகு அழுதாள்.

கெர்லிண்டே வாசலில் தட்டுகளோடு நின்றாள். "அக்கா, நான் ரெண்டு உருண்டை" என்றாள்.

பிறகு காத்திருந்தார்கள். கணப்புக்கு மேல் இருந்த கடிகாரம் அன்றுதான் ஓடக் கற்றுக்கொண்டதுபோல் ஒவ்வொரு நிமிடத்தையும் யோசித்து யோசித்து வைத்தது. ஃபென்யாவின் அப்பா எழுந்து போய்ச் சட்டியைப் பார்த்தார், திரும்பி வந்து உட்கார்ந்தார், மறுபடி போய்ப் பார்த்தார். மோர்லே மனைவியின் நாடியைப் பிடித்துப் பார்த்தார். ஹில்ட்ரூட் கையைப் பிடுங்கிக்கொண்டு, "எனக்கு ஒண்ணும் இல்ல, உங்க கைதான் ஆடுது" என்றாள். லோனி சுவரோரம் நின்றுகொண்டே இருந்தாள். நாற்காலி காலியாக இருந்தது, உட்காரத் தோன்றவில்லை. யாராவது திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தாள். ஒருவரும் திட்டவில்லை. பார்த்தார்கள்.

ஒன்றரைக்குச் சரளையில் சக்கரச் சத்தம். வைத்தியர் வண்டி இரண்டு. நடுவில் மாட்டிக்கொண்டதுபோல் விடுதி வேன். லம்பெர்ட் புது விருந்தாளிகளை வேனிலேயே விட்டு, கதவைக்கூடச் சாத்தாமல் இறங்கி ஓடி வந்தான். கனத்த ஆள், ஓடி யாரும் பார்த்ததில்லை.

"என்னக்கா? யாருக்கு என்ன?"

லோனி இரண்டே வாக்கியத்தில் சொன்னாள். லம்பெர்ட்டின் முகம் முதலில் வெளுத்தது. பிறகு சிவந்தது. பிறகு வேறு என்னவோ ஆனது. வீட்டுப்பாடம் செய்யாதவன் பெயரை ஆசிரியர் கூப்பிட்டதுபோல.

"யாருக்கும் ஒண்ணும் ஆகாது" என்றான் தரையைப் பார்த்து.

"உனக்கு எப்படித் தெரியும்? வெட்டும்போது பார்த்தியா?"

"வெட்டவே இல்ல." வேன் சாவியைப் பைக்குள் போட்டான். "அந்தக் கூடை சட்டிக்குப் போகவே இல்லக்கா. போறதே இல்ல."

வண்டியிலிருந்து இறங்கிய வைத்தியர், கட்டை முடி வெட்டிய ஒரு பெண், பையைக் கீழே வைத்தாள். "சுத்தி வளைக்காதீங்க. சட்டியில என்ன இருந்துச்சு?"

"வாங்கினது. டவுன்ல மொத்தக் கடையில. செவ்வாய்க்கிழமை முட்டை வாங்கப் போறப்போ பெட்டியில வரும்."

கூடத்தில் அப்போதுதான் முதல்முறையாகச் சத்தம் கேட்டது. மோர்லேயின் நாற்காலி பின்னால் போன சத்தம்.

லம்பெர்ட் எல்லோரையும் பின்கட்டுக்கு அழைத்துப் போனான். அந்தக் காலத்தில் ஏரிப் பனிக்கட்டி அடுக்கி வைத்த இருட்டறை ஒன்று உண்டு. இப்போது யாரும் திறப்பதில்லை. திறந்தான். ஒரு பக்கம் கடைக்காரன் பெயர் போட்ட பெட்டி, பாதி காளான் மிச்சத்தோடு. மறுபக்கம் ஒரு தகரத்தொட்டி; அதில் அன்றைக்குக் காலையில் தேறிய கூடைகள் அப்படியே கொட்டிக் கிடந்தன. திங்கட்கிழமைகளில் லோனி துணி எடுத்துக்கொண்டு கிராமத்துக்குப் போகும்போது அவன் அதைக் கணப்பில் எரிப்பான்.

வைத்தியர் கையுறை போட்டுக்கொண்டு புரட்டினாள். மேலாக இல்லை. நடுவில் இல்லை. தொட்டியின் அடியில், பழுப்புத் தொப்பிக் கல்காளான்களுக்கு நடுவே, பச்சைத் தொப்பி. முழுசாக. தண்டில் பாவாடை, அடியில் முட்டை ஓடு.

லோனி தொட்டிக்கு மேல் குனிந்து பார்த்தாள். மூன்றாவது.

அவள் கைதான் அதைத் தேறிய கூடையில் வைத்திருக்கிறது. அதற்கு மேல் மறுபடியும் நல்லதாக அடுக்கியிருக்கிறது. அதன்மேல் முகத்தை வைத்து, கண்ணை மூடி, ஐந்து வரை எண்ணியிருக்கிறாள்.

வைத்தியர் பெட்டியைப் பார்த்தாள், தட்டுகளில் ஒட்டியதைப் பார்த்தாள், உதவி எண்ணுக்குப் பேசினாள், லம்பெர்ட்டை மூன்று விதமாக ஒரே கேள்வி கேட்டாள். கடைசியில், "குழந்தையை மட்டும் ஒரு நாள் வச்சுப் பார்க்கறோம். அம்மா மனசுக்காக" என்றாள். அந்தப் பச்சைத் தொப்பியை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டாள். கீரி அறை வண்டியில் ஏறியது. ஏறும்போது சில்கே லோனியைப் பார்க்கவில்லை. ஃபென்யா கையாட்டினாள்.

வண்டிகள் போன பிறகுதான் மற்ற பஞ்சாயத்து ஆரம்பித்தது. மோர்லே வாசலில் நின்று லம்பெர்ட்டின் மார்பில் விரலால் குத்தினார்.

"அப்போ ஓடைப் பக்கம் நான் எடுத்தது?"

"எரிஞ்சு போச்சுங்க."

"போன வருஷம் ஒண்ணு. ஒரு கிலோ இருநூறு கிராம். ஃபோட்டோ இருக்கு."

"அதுவும்தாங்க."

"விஷம் தின்னேன்னு முக்கால் மணி நேரம் உக்காந்திருந்தேன், அதுகூடப் பரவாயில்ல" என்றார் மோர்லே. "கடையில வாங்கின காளானைத் தின்னுட்டு, என்னோடதுன்னு இவகிட்ட ரெண்டு வருஷம் பீத்தியிருக்கேன்."

"எனக்கு முதல் வருஷமே தெரியும்" என்றாள் ஹில்ட்ரூட். "ஓடைக்காளான்ல மண்ணு கடிபடும். நீங்க சந்தோஷமா இருந்தீங்க, விட்டுட்டேன்."

சாயங்காலத்துக்குள் இரண்டு அறை காலியாயிற்று. சொல்லிக்கொள்ளாமல் போனார்கள், சாவியின் மரவில்லை மேசையில் கிடந்தது. லோனி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். லம்பெர்ட் வந்து மறுமுனையில் உட்கார்ந்தான். பெஞ்சு அவன் பக்கம் சாய்ந்தது.

"எப்போலேருந்து தெரியும்?"

"பால் பொங்கிக் கருகின அன்னைக்கு. வீடே நாறுச்சு. விருந்தாளிங்க மாடியிலேருந்து இறங்கி வந்துட்டாங்க. நீ அடுப்புப் பக்கத்துலயே உக்காந்து வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்த."

"கேட்டிருக்கலாம்."

"கேட்டா நீ ஒத்துக்குவியா?"

அவள் ஏப்ரனில் ஒட்டியிருந்த சாக்குத்தூளைத் தட்டினாள்.

"பெஞ்சுலேருந்து உன்னை எழுப்ப எனக்கு நாக்கு வரல" என்றான். "அதான் கூடையை எழுப்பிட்டேன்."

"ஆள் இல்லாத நேரத்துல திருட்டுத்தனமா எரிச்சிருக்க. அடுப்பை ஊதக்கூடச் சோம்பேறி நீ."

"ஈரக் காளான் எரியவே எரியாதுக்கா. ஒவ்வொரு திங்கட்கிழமையும் கண்ணெல்லாம் புகை."

ஒரு நாள் கணக்கான ஐம்பது சொல் அங்கேயே தீர்ந்துவிட்டது. இருந்தும் அவர்கள் எழுந்திருக்கவில்லை. வெளிச்சம் ஐந்து மரத்துக்கும் இரண்டு கன்றுக்கும் பின்னால் இறங்குகிறவரை உட்கார்ந்திருந்தார்கள். பிறகு லோனி உள்ளே போய், சட்டம் போட்ட அட்டையைச் சுவரிலிருந்து கழற்றி, சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதி அதோடு வைத்தாள். கடிதத்தில் மூன்று வரி. மூக்கு போய்விட்டது, சொல்லாமல் இருந்தேன், அட்டை இத்துடன்.

மறுநாள் மதியம் மருத்துவமனையிலிருந்து தொலைபேசி வந்தது. சில்கே. "நல்லா இருக்கா. துணிமணியை அனுப்பி வச்சுருங்க" என்றாள். வைத்துவிடுவாள் என்று லோனி நினைத்தாள். வைக்கவில்லை. "நீங்க அந்தக் கோட்டைப் பார்த்துட்டுச் சும்மா இருந்திருக்கலாம், ஆனா இருக்கலன்னு வைத்தியர் சொன்னாங்க" என்றாள், பிறகுதான் வைத்தாள்.

அடுத்த ஞாயிறு. லோனி பெஞ்சைத் துடைக்கவில்லை, யார் வரப்போகிறார்கள். ஒன்பது மணிக்குச் சமையலறைக் கதவைத் திறந்தால், பெஞ்சில் ஒரு கூடை. ஆந்தை வில்லை தொங்கியது. பக்கத்தில் மோர்லே, அவரை ஒட்டி ஹில்ட்ரூட். ஒரு வாரத்தோடு கிளம்ப வேண்டியவர்கள். முப்பத்தொரு வருடத்தில் முதல்முறையாக இன்னொரு வாரம் தங்கியிருந்தார்கள்.

"அட்டை போயிருச்சு ஐயா" என்றாள் லோனி. "நான் இப்போ யாரும் இல்ல."

"காளானைப் பார்த்துப் பேரைச் சொல்லத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும்."

"அப்போ நீ கண்ணு. லம்பெர்ட் ரெண்டாவது கண்ணு. நான் மூக்கு." அவர் குனிந்து ஒரு வெள்ளைக் காளானை எடுத்து, நெஞ்சு மேலே வரும்படி, எல்லோரும் பார்க்கும்படி, பெரிதாக இழுத்தார். மறுபடி இழுத்தார். முகம் சுருங்கியது.

"என்ன வருது?"

"ஒண்ணும் வரல."

"ஜலதோஷம்" என்றாள் ஹில்ட்ரூட். "மூணு நாளா. காட்டுக்குப் போகாதீங்கன்னேன், கேட்டாத்தானே." அவர் கையிலிருந்து காளானைப் பிடுங்கி மோந்தாள். "மாவு. ஈர மாவு."

"ஈர மாவுன்னா, அப்போதான் அரைச்சதா, மூட்டையில கிடந்ததா?"

ஹில்ட்ரூட் கண்ணை மூடி இன்னொருமுறை இழுத்தாள். லோனி அவள் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போதான் அரைச்சது."

லோனி அதை வாங்கித் தண்டைக் கீறினாள். மடிப்பைப் பார்த்தாள். கொல்கிறவற்றில் வெள்ளையும் உண்டு, அதனால் இன்னொருமுறை பார்த்தாள். பிறகு லம்பெர்ட்டைக் கூப்பிட்டுக் காட்டினாள். பிறகும் தேறிய கூடையில் வைக்கவில்லை. கொஞ்சநேரம் கையிலேயே வைத்திருந்துவிட்டு, ஓரமாக வைத்தாள். "நல்லதுதான். ஆனா வெள்ளையும் பச்சையும் இனிமே இந்தச் சட்டிக்கு வேண்டாம்" என்றாள். மோர்லே வாயைத் திறந்தார், ஹில்ட்ரூட் பார்த்தாள், மூடிக்கொண்டார்.

அன்றைக்குச் சட்டிக்குத் தேறியது ஒரு கைப்பிடி. நான்கு பேர் சாப்பிட்டார்கள். மண் கடிபட்டது.

கதவுநிலையில் அந்த ஒற்றைக் கோடு இன்னும் இருக்கிறது, நுனியில் கட்டைவிரல் பட்ட மங்கலோடு. காளான் நெருப்புக்குள் போனால்தான் அழிக்கலாம் என்பது முறை; அந்த மூன்றாவதை வைத்தியர் பையில் போட்டுக் கொண்டுபோய்விட்டாள். வசந்தத்தில் கதவுக்கு வண்ணம் அடித்தபோது லம்பெர்ட் தூரிகையால் அதைச் சுற்றிப் போனான். லோனி ஏணியைப் பிடித்துக்கொண்டு, வண்ண நெடி போய்விட்டதா என்று அவனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.